இறங்கினால் பச்சை

நோயிலிருந்து மீண்டு வந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஞானம் பெற்றுவிடுகிறார்கள். மனிதர்கள் நல்லவர்கள், ஒவ்வொரு மூச்சும் ஒரு பரிசு என்று கைகூப்பி முடிக்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. இடது நுரையீரலில் ஒரு தழும்பு, மாடிப்படி ஏறும்போது பாதியில் ஒரு நிறுத்தம், எங்கள் அடுக்குமாடி டவரின் தமிழ்க் குழுமீது தீராத எரிச்சல். மருத்துவமனையிலிருந்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது இவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு யாராவது ஒருவர், தொடையில் வந்த கட்டியைக் கைப்பேசியில் காட்டாமல் டாக்டரிடம் காட்டினால் எழுதிய கூலி எனக்குக் கிடைத்துவிடும்.

என் பெயர் கோமதி. பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். புனேயில் மகர்பட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரி. என் கணவர் ஆனந்த் இதே புனேயில், கட்கியில் பிறந்து வளர்ந்தவர். மாமனார் எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து அங்கே ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஆனந்த் கராடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மேனேஜர். நாங்கள் குடியிருப்பதும் கராடியில்தான். எங்கள் டவரில் உள்ள தமிழர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் மென்பொருள்காரர்கள். அவர்களுக்கு எதையும் சும்மா முடிவுசெய்யத் தெரியாது. பொங்கலை மொட்டைமாடியில் வைப்பதா கீழே வைப்பதா, இட்லி மாவை எந்த மாமியிடம் வாங்குவது, எல்லாவற்றுக்கும் குழுவில் ஓட்டெடுப்பு. எதற்கு அதிக ஓட்டோ அது உண்மை.

மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் எனக்கு வலது தொடையின் பின்பக்கம் ஒரு கட்டி வந்தது. உட்கார முடியவில்லை. கவுன்டரில் நின்றுகொண்டே வேலை பார்த்தேன். வீட்டுக்கு வந்து ஆனந்திடம் காட்டினேன். அவர் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்து, அளவு தெரியும்படி, படம் எடுத்தார். டாக்டருக்கு அனுப்பத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். அனுப்பியது குழுவுக்கு. ஒரு பெண்ணின் தொடையை நாலு பேர் பார்க்கும் இடத்தில் போடலாமா என்ற கேள்வி அவருக்கும் எழவில்லை, அந்த அறிவாளிகள் ஒருவருக்கும் எழவில்லை. குழுவின் அட்மின் பிரபாகர் உடனே ஓட்டெடுப்பு வைத்தார். ஆன்டிபயாடிக், மஞ்சள் பத்து, ஹோமியோபதி, பொறுத்துப் பார்க்கலாம். நாலு கட்சி போட்டி. பொறுத்துப் பார்க்கலாம் அமோகமாக ஜெயித்தது.

கட்டி தானாகவே உடைந்து காய்ந்துவிட்டது. குழுவில் கைதட்டல் படங்கள் வந்து குவிந்தன. ‘இஷ்யூ க்ளோஸ்டு’ என்று பிரபாகர் எழுதினார்.

பிறகு காய்ச்சல் வந்தது, இருமல் வந்தது. தெருமுனை க்ளினிக்கில் வைரல் என்றார்கள். மழைக்காலத்துப் புனேயில் எல்லாமே வைரல்தான். அதில் பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும். கட்டியைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அதுதான் க்ளோஸ் ஆகிவிட்டதே. ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். டெங்கு இல்லை என்று வந்தது. வெள்ளணுக்கள் ஆறாயிரத்துச் சொச்சம். சாதாரணமாக நாலாயிரத்திலிருந்து பதினோராயிரம் வரை இருக்கலாம், ஆகவே சரி. காய்ச்சல் விடவில்லை என்று மறுபடி எடுத்தோம். மூவாயிரத்துச் சொச்சம்.

இங்கேதான் என் கணவரின் தொழில்திறமை வெளிப்பட்டது. பிரபாகரின் அப்பாவுக்கு முன்பு சிறுநீரில் கிருமித்தொற்று வந்தபோது பிரபாகர் கைப்பேசியில் ஓர் அட்டவணை போட்டு வைத்திருந்தார். அந்தப் பெரியவருக்கு வெள்ளணு எகிறிக் கிடந்தது, மருந்து கொடுக்கக் கொடுக்க இறங்கியது. ஆகவே அந்த அட்டவணையில் எண் இறங்கினால் கட்டம் பச்சையாகும், ஏறினால் சிவப்பாகும். ஆனந்த் அதை அப்படியே வாங்கினார், பெரியவரின் பெயரை அழித்தார், என் பெயரைப் போட்டார், என் எண்களை நிரப்பிக் குழுவிலும் காட்டினார். அவர்கள் தொழிலே அதுதான். ஒரு வார்ப்பு கிடைத்துவிட்டால் அதற்குள் எதை வேண்டுமானாலும் ஊற்றுவார்கள்.

“பாத்தியா கோமு, கீழ வந்துட்டிருக்கு. இன்ஃபெக்‌ஷன் இறங்குது. ஏக்தம் முழுப் பச்சை.”

“எனக்கு மூச்சு வாங்குதுங்க.”

“அது வீக்னெஸ். படுத்துக்க. டென்ஷன் எடுக்காத.”

ஒரு கையெழுத்துக் கொஞ்சம் கோணினால் காசோலையைத் திருப்பி அனுப்புகிறவள் நான். எனக்கும் அந்தப் பச்சை இதமாகத்தான் இருந்தது. பச்சையைப் பார்த்துக்கொண்டே இருமினேன்.

என்னைக் காப்பாற்றியது அறிவு அல்ல. ஆனந்தின் அக்கா லட்சுமி மதினி. அவர் இன்னமும் கட்கியில்தான் இருக்கிறார். இத்தனை வருஷமாக எனக்கும் அவருக்கும் ஆகாது. அவர் வீட்டுச் சாம்பாரில் வெல்லம் போடுவார், நான் முகம் சுளிப்பேன். என் உத்தியோகத்தைப் பற்றி யாராவது பேசினால் அவர் ஜன்னலைப் பார்ப்பார். அன்று, எனக்குக் காய்ச்சல் விடவில்லை என்று கேள்விப்பட்டு, பஸ் மாறி மாறி வந்து இறங்கினார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஏட்டி, உதடு ஏன் நீலம் பாரிச்சுக் கெடக்கு?” என்றார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார். “ஏலே ஆனந்து, நீ இவ மூஞ்சியப் பாத்தியா இல்ல போனையே பாத்துட்டு இருந்தியா?”

“அக்கா, ரிப்போர்ட்டு நல்லாருக்கு. இங்க பாரு, ட்ரெண்டு...”

அப்போது எனக்கு ஓர் இருமல் வந்தது. வாஷ்பேசினில் துப்பினேன். இளஞ்சிவப்பாக, நுரையோடு வந்தது. மதினி எட்டிப் பார்த்தார்.

“இதுவும் உன் போன்ல பச்சையாத்தான் தெரியுமோ? சல், லவ்கர், சீக்கிரம் வண்டிய எடு!”

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய மருத்துவமனைக்குப் போனோம். விமான நிலையத்தில் தப்பித்தவறி நோயாளிகளை உட்காரவைத்த மாதிரி ஒரு கூடம். காபிக் கடை, செயற்கை மூங்கில், சுவர்த் திரையில் கைகட்டிச் சிரிக்கும் டாக்டர்கள். வாசலில் ஓர் இயந்திரம் எங்கள் சேவை எப்படி என்று கேட்டு, சிரிக்கிற முகத்தையும் அழுகிற முகத்தையும் காட்டிக்கொண்டிருந்தது. மதினி என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும்போது அதற்கு முழங்கையால் ஓர் இடி கொடுத்துவிட்டுப் போனார்.

உள்ளே எல்லாம் வேகமாக நடந்தது. விரலில் கிளிப் மாட்டினார்கள், ஆக்ஸிஜன் கொடுத்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். தொற்றுநோய் நிபுணர் டாக்டர் ஜோஷி வந்தார். குட்டையான பெண்மணி, வெடுவெடுப்பான முகம். எனக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஆனந்த் அவரிடம் கைப்பேசியை நீட்டினார். தன் குழந்தையின் மதிப்பெண் அட்டையை நீட்டுகிற அப்பாவைப்போல நீட்டினார்.

டாக்டர் அதைக் கொஞ்சநேரம் பார்த்தார். “யே சப் ஹரா க்யூன் ஹை?” இதெல்லாம் ஏன் பச்சையாக இருக்கிறது என்று கேட்டார். இறங்கினால் பச்சை என்று ஆனந்த் விளக்கினார்.

“இப்போது எடுத்த ரத்தத்தில் ஆயிரத்து எண்ணூறு வந்திருக்கிறது,” என்று டாக்டர் இந்தியில் சொன்னார். “உங்கள் கணக்குப்படி இன்னும் நல்ல பச்சை. ஜீரோ ஆனால் ரொம்பப் பிரமாதமான பச்சையாக இருக்கும், இல்லையா?”

ஆனந்த் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். டாக்டர் என் பக்கம் குனிந்து, சமீபத்தில் உடம்பில் எங்கேயாவது கட்டி, புண், சீழ் வந்ததா என்று கேட்டார்.

“ஒரு கட்டி வந்தது டாக்டர், ஆனால் அது க்ளோஸ் ஆகிவிட்டது,” என்றார் என் கணவர்.

டாக்டர் அவரைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இத்தனை வருஷ இல்லறத்தில் நான் அவரைப் பார்த்த எந்தப் பார்வையும் அதற்கு முன்னால் நிற்காது.

என் தொடைக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் நடந்தது என்னவென்று பிறகு அவர் எங்களுக்குச் சொன்னார். கையுறை அட்டைப் பெட்டியின் முதுகில் பேனாவால் படம் போட்டுச் சொன்னார். எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

அந்தக் கிருமி ஒன்றும் வெளிநாட்டிலிருந்து வந்த அரக்கன் அல்ல. நம்மில் பலருடைய மூக்குக்குள்ளேயே சோம்பேறியாக உட்கார்ந்திருக்கிற உருண்டை. தோலில் ஒரு கீறல் கிடைத்தால் உள்ளே போய்க் கட்டியாகும். பெரும்பாலும் அதோடு சரி. எப்போதாவது கட்டியிலிருந்து ரத்தத்தில் ஏறி நுரையீரல்வரை போய்விடும். அதில் ஒரு வகை, ஒரு விஷத்தையும் செய்யும். அந்த விஷம் இரண்டு வகைத் துண்டுகளாக வெளியே வருகிறது. தனித்தனியாக இருந்தால் இரண்டும் ஒன்றுக்கும் உதவாதவை. ஆனால் ஒரு வெள்ளணுவைக் கண்டால் அதன் மேல்தோலில் போய் ஒட்டிக்கொண்டு, இந்த வகை ஒன்று, அந்த வகை ஒன்று என்று மாறி மாறிக் கை கோத்து ஒரு வளையமாகின்றன. அந்த வளையம் அப்படியே தோலைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிடுகிறது. நடுவில் ஓட்டை.

உயிரணுவின் தோல் என்பது மெல்லிய எண்ணெய்ப் படலம். உள்ளே இருக்கிற உப்பு வேறு, வெளியே இருக்கிற உப்பு வேறு. இரண்டும் கலந்துவிடாமல் காப்பதே அந்தப் படலத்தின் வேலை. காப்பதும் லேசில்லை, அணு ஓயாமல் உப்பை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டை விழுந்ததும் வெளியே இருப்பது உள்ளே வருகிறது, உள்ளே இருப்பது வெளியே போகிறது. இறைத்து மாளவில்லை. தண்ணீர் புகுந்து அணு உப்புகிறது, வெடிக்கிறது. கிருமியைக் கொல்வதற்காக அது தனக்குள் வைத்திருந்த திராவகமெல்லாம் சுற்றிலும் கொட்டுகிறது. கொட்டுகிற இடம் நுரையீரல் என்றால் நுரையீரல் வெந்து குழியாகிறது. என் இருமலில் வந்த இளஞ்சிவப்பு அதுதான்.

எதிரியாக இருந்தாலும் ஒரு தரம் வேண்டாமா? பல் இல்லை, நகம் இல்லை, எதிரே நின்று மோதத் துப்பில்லை. சுவரில் கன்னம் வைக்கிறது. கன்னக்கோல் திருடனாவது உள்ளே புகுந்து பொருளை எடுத்துக்கொண்டு போவான்; அவனுக்கு ஒரு தொழில் நியாயம் உண்டு. இது சுவரில் ஓட்டையைப் போட்டுவிட்டு, வீடு தானாக இடிந்து விழட்டும் என்று நிற்கிறது. இவ்வளவு அற்பமான ஒன்றின் கையால் சாகப்போகிறோமா என்பதுதான் அந்தப் படுக்கையில் எனக்கு வந்த பயத்தில் பாதி. மீதிப் பாதி வெறும் பயம். அதை மறைக்க மாட்டேன்.

ஆக, என் வெள்ளணு இறங்கியது நோய் இறங்கியதால் அல்ல. காவலுக்கு நின்றவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சாவையும் என் கணவர் பச்சையில் குறித்துக்கொண்டிருந்தார், குழு கைதட்டிக்கொண்டிருந்தது.

மருந்திலும் ஒரு சூட்சுமம் இருந்தது. கிருமியைக் கொல்வது ஒரு வேலை, அது விஷம் செய்வதை நிறுத்துவது இன்னொரு வேலை என்றார் டாக்டர். சாகிற கிருமியும் சாகும்வரை விஷத்தைச் செய்துகொண்டேதான் இருக்கும். ஆகவே ஒரு மருந்து அதைக் கொல்ல, இன்னொன்று அதன் பட்டறையை மூட. இரண்டும் சேர்ந்து சொட்டுச்சொட்டாக இறங்கின. “இனி எண் ஏற வேண்டும்,” என்றார் டாக்டர் ஆனந்திடம். “ஏறினால் அணுக்கள் உயிரோடு நிற்கின்றன என்று அர்த்தம். ஏறாவிட்டால் நான் உங்களிடம் வேறு விஷயம் பேச வேண்டியிருக்கும்.”

தீவிர சிகிச்சைப் பிரிவு. மூக்கில் மாட்டிய தடித்த குழாய் ஈரமான சூட்டுக் காற்றை அடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். பேச முடியாது. ஒரு வார்த்தை சொன்னால் நாலு மூச்சு கடன். இரவு என்று தனியாக ஒன்று அங்கே கிடையாது. விளக்கு அணையாது, யாரோ ஒருவருடைய இயந்திரம் கத்திக்கொண்டே இருக்கும், அது நம்முடையதா என்று ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்க வேண்டும். தூக்கம் வந்தால் பயமாக இருந்தது.

வெளியே இன்ஷூரன்ஸ் மேஜைக்கும் பில் மேஜைக்கும் ஆனந்த் நடந்துகொண்டிருந்தார். தொடையில் வந்த கட்டிக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று விளக்கம் எழுதித் தரச் சொன்னார்களாம். அந்த மேதைகளுக்கும் டாக்டர் ஜோஷியே எழுதிக் கொடுத்தார்.

தமிழ்க் குழு கூட்டமாகப் பார்க்க வந்தது. ஒருவர்தான் உள்ளே வரலாம் என்பதால் பிரபாகர் பிரதிநிதியாக வந்தார். கிவிப் பழக்கூடை கொண்டுவந்தார். மூக்கில் குழாயோடு கிடக்கிறவளுக்குக் கிவி! என் தலைமாட்டில் நின்று, “தைரியமா இருங்க சிஸ்டர், எல்லாரும் உங்களுக்காக ப்ரே பண்றோம்,” என்றார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்து, எதிரே கட்டிக்கொண்டிருந்த டவரில் சதுர அடி என்ன விலை என்று நர்ஸிடம் விசாரித்தார். கேரளத்துப் பெண் அவள். தெரியாது என்று மலையாளத்தில் சொல்லி வாசலைக் காட்டினாள். கூடை அன்றே காவலாளிகளிடம் போயிற்று. அனுப்பியது மதினி.

மதினி தினமும் வந்தார். வாசல் காவலாளியோடு மராட்டியில் சண்டை போட்டு உள்ளே வருவார். பக்கத்தில் உட்கார்ந்து எதுவும் ஆறுதல் சொல்ல மாட்டார். என் கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துவிடுவார். சில்லென்று கிடந்த கால் அவர் கை பட்டுச் சூடாகும். எங்களுக்குள் ஆகாது என்பதை இரண்டு பேருமே அப்போது விட்டுக்கொடுக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல்தான் பிடித்துவிட்டார்.

எண் இன்னும் இறங்கியது. அதற்கு மறுநாள் இறங்கவில்லை, நின்றது. ஆனந்த் எனக்குச் சொல்லமாட்டார். அவர் கண்ணாடியைத் துடைக்கிற விதத்திலிருந்து நானே தெரிந்துகொள்வேன். இறங்கினால் அதிகநேரம் துடைப்பார்.

அதற்கு அடுத்த நாள் பார்வையாளர் நேரத்தில் உள்ளே வந்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. சவரம் செய்யாத முகம் என்று கவசத்தின் ஓரத்திலிருந்து தெரிந்தது.

“கோமு, ஏறிருக்கு,” என்றார். “ரெண்டாயிரத்தி அறுநூறு.”

நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏறினா நல்லதுதானே? டாக்டர்ட்ட ரெண்டு தடவ கேட்டேன். நல்லதுன்னுதான் சொன்னாங்க.” கம்பியை விட்டுவிட்டு மறுபடி பிடித்தார். “நீ சொல்லு. சந்தோஷப்படலாமா?”

எனக்கு நாக்கின் நுனியில் பதில் வந்து நின்றது. ‘ஏன், உங்க குழுவுல ஓட்டெடுப்பு விட்டுப் பாருங்களேன்.’ அட்டகாசமான பதில். அப்படி ஒரு பந்து வாழ்க்கையில் ஒரு தடவைதான் கைக்கு வரும். ஆனால் அந்த வாக்கியத்துக்கு வேண்டிய மூச்சு என்னிடம் இல்லை. எண்ணிப் பார்த்தேன், பாதிகூட வராது. ஆகவே தலையை மட்டும் ஆட்டினேன், படலாம் என்று. அந்த மனிதர் கட்டில் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதார்.

சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். மதினி டப்பாவில் கஞ்சி கொண்டுவந்தார். மராட்டிக்காரர்கள் பேஜ் என்று சொல்லும் நீர்த்த அரிசிக் கஞ்சி. இரண்டு ஸ்பூன் குடித்துவிட்டு, “உப்பு இல்ல மதினி,” என்றேன். குழாய் எடுத்தபின் நான் சொன்ன முதல் முழு வாக்கியம்.

மதினி டப்பாவை மூடினார். “நொட்டை சொல்லுதா. இனிப் பொழச்சுக்கிடுவா,” என்று தம்பியிடம் சொன்னார். மறுநாள் உப்பு அதிகமாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்தபின் குழுவில் எனக்கு வரவேற்பு விழா நடத்தலாமா என்று ஓட்டெடுப்பு நடந்ததாம். ஆனந்த் அதைச் சொல்லவில்லை; அவர் குழுவிலிருந்து எப்போதோ வெளியே வந்துவிட்டார். மாவுக்கார மாமி சொன்னார்.

ஆனந்த் ஓர் அட்டவணையும் இப்போது போடுவதில்லை. மறுபரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தால் முடிவு அவர் கைப்பேசிக்குத்தான் வருகிறது. திறக்காமல் என்னிடம் கொண்டுவந்து தருகிறார். நான் படிக்கிறவரை நின்றுகொண்டே இருக்கிறார். போன வாரமும் அப்படித்தான் நின்றார். ஏழாயிரத்து நானூறு என்று வாசித்தேன்.

“நல்லதுதானே?” என்று கேட்டார்.

என்னிடம் இப்போது மூச்சு நிறைய இருக்கிறது. பதிலும் அப்படியே இருக்கிறது, ஒரு சொல்கூட மறக்கவில்லை.

“நல்லதுதாங்க,” என்றேன்.